நடக்க மனசு வரவில்லை என்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், தெப்பக்குளத்தைச் சுற்றி என்னோடு நடப்பவர்கள் என்று ஆளாளுக்கு என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இனிமேல் யார் கேட்டாலும் இதை அனுப்பிவிட்டு நான் டீ குடிக்கப் போகலாம் என்பதுதான் உள்நோக்கம். நான் டாக்டர் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்ப்பவன், வயது 48.

இதையெல்லாம் சொல்ல நீ யார்?

நியாயமான கேள்வி. 2022 நவம்பர் வரை நானும் தெருமுனை மளிகைக்கடைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போய் வந்த ஆள்தான். அந்த மாசம் ஒரு மழை ராத்திரியில் ஸ்கூட்டர் சறுக்கி, வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கணுக்காலில் இரண்டு பக்க எலும்பும் முறிந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே தகடும் ஸ்குருவும், வெளியே மாவுக்கட்டும் போட்டார்கள். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று உத்தரவு. புத்தூர் கட்டு கட்டியிருந்தால் கத்தியே வைத்திருக்க வேண்டாம் என்று பெரியப்பா தினமும் ஃபோன் செய்தார். அத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிரண்டைத் துவையல் அனுப்பினாள், நாக்கு அரித்தாலும் தின்று தீர்த்தேன்.

வலியெல்லாம் நாலு நாளில் பழகிப்போச்சு. பழகாதது வேறு. வாக்கர் பிடித்து நடக்க இரண்டு கையும் வேண்டும், அதனால் சமையலறையிலிருந்து ஹாலுக்கு ஒரு டம்ளர் காபியை என்னால் எடுத்து வர முடியவில்லை. பத்தடி தூரம்தான். மனைவி வேலைக்குக் கிளம்பியபிறகு காபி வேண்டுமென்றால் அடுப்பு மேடையில் சாய்ந்து, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றே குடிப்பேன். நாற்பத்தைந்து வருஷமாக டம்ளரைத் தூக்கிக்கொண்டு நடந்ததை ஒரு வேலையாகவே நான் நினைத்ததில்லை.

சின்ன வட்ட ரம்பத்தால் மாவுக்கட்டை அறுத்து எடுத்தபோது உள்ளே இருந்தது என் கால் மாதிரியே இல்லை. தோல் உரிந்து, முடி மட்டும் நீளமாக வளர்ந்து, கெண்டைக்கால் சதை தொட்டால் துணிப்பை மாதிரி தொளதொளவென்று ஆடியது. பிசியோதெரபிஸ்ட் டேப் வைத்து இரண்டு தொடையையும் அளந்தார், வலது தொடை நாலு சென்டிமீட்டர் இளைத்திருந்தது. ஆறே வாரத்தில்! படியேறக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். அம்மா வீட்டுக்குப் பதினோரு படி. அந்தப் பதினொன்றையும் நான் இந்த ஃபார்முலாவை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன், பக்கத்து வீட்டுப் பையன் நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

சரி, எனக்கு மோட்டிவேஷனே வரமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

எனக்கும் வருவதில்லை. மூன்று வருஷமாக வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறேன், காலை ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடிக்கும்போது ஒரு நாள்கூட "ஆஹா, நடக்கப் போகலாம்" என்று தோன்றியது கிடையாது. இதை ஒத்துக்கொண்டபிறகுதான் விஷயம் சுலபமானது. நடக்கிறவர்களுக்கெல்லாம் காலையில் ஆசை பொங்கிக்கொண்டு வருகிறது, நமக்கு மட்டும்தான் அந்தச் சுரப்பி வேலை செய்யவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தெப்பக்குளத்தில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முகத்தைக் கழுவாமலே வந்திருப்பார்கள்.

ஆசை பின்னால்தான் வரும். எனக்கு அது சுமார் எட்டாவது நிமிஷத்தில் வருகிறது. முதல் ஐந்து நிமிஷம் கணுக்கால் இறுக்கமாக இருக்கும், திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு குரல் கேட்கும், அப்புறம் மூட்டு சூடாகி, கை தானாக வீச ஆரம்பிக்கும், அப்போதுதான் "பரவாயில்லை, இன்னொரு சுற்று போகலாம்" என்று தோன்றும். ஆகவே என் ஒப்பந்தம் பத்து நிமிஷத்துக்குத்தான். பத்து நிமிஷம் கழித்தும் பிடிக்கவில்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் வீட்டுக்குத் திரும்பலாம். வருஷத்துக்கு நாலைந்து தடவை அப்படித் திரும்பியும் இருக்கிறேன்.

இன்னொன்று, முடிவெடுக்கிற வேலையை ராத்திரியே முடித்துவிடுங்கள். ஷூவும் சாக்ஸும் கதவுக்குப் பக்கத்தில், சட்டை நாற்காலியில், சாவி ஷூவுக்குள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவனிடம் போய் "இன்னிக்கு நடக்கலாமா வேண்டாமா" என்று கருத்துக் கேட்டால் அவன் என்ன சொல்வான் என்று நமக்குத் தெரியாதா?

அடிபட்டால்தான் உடம்பின் அருமை தெரியுமா? எனக்கு ஒன்றும் ஆகவில்லையே.

ஆகவும் வேண்டாம். ஆனால் ஒன்றும் ஆகாமல் இருப்பதே கண்ணுக்குத் தெரியாத விஷயம் என்பதுதான் சிக்கல். பல் வலிக்கிறபோதுதான் பல் இருப்பது ஞாபகம் வரும்.

அதனால் நான் சிலபேருக்குச் சொல்கிற வேலை இது. நாளைக் காலையில் பேன்ட் போடும்போது சுவரைப் பிடிக்காமல், கட்டிலில் உட்காராமல், ஒற்றைக் காலில் நின்று போட முடிகிறதா என்று பாருங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு, கையை ஊன்றாமல் எழுந்திருக்க வருகிறதா பாருங்கள். (தடுமாறுகிறவர்கள் பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு செய்யவும், விழுந்துவிட்டு என் மேல் பழி போடக் கூடாது.) முடிந்தால் அதை ஒரு நொடி கவனியுங்கள். எத்தனை சதை, எத்தனை மூட்டு சேர்ந்து, நீங்கள் எதையும் யோசிக்காமலே உங்களைத் தூக்கி நிறுத்துகின்றன! முடியவில்லை என்றால் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது, அதுவும் லாபம்தான்.

சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் 1966-இல் நடந்த ஒரு ஆய்வை எனக்கு பிசியோதெரபிஸ்ட் சொன்னார். இருபது வயசு ஆரோக்கியமான ஐந்து பையன்களை மூன்று வாரம் படுக்கையிலேயே படுக்க வைத்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் மளமளவென்று சரிந்தது. முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைக் கூப்பிட்டு மறுபடி அளந்தார்கள். முப்பது வருஷ வயோதிகம் செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்திருக்கிறது. இதைக் கேட்டபோது நான் இளைத்த தொடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதனால் சுருக்கென்று தைத்தது. ஆனால் அந்தக் கதையில் ஒரு நல்ல பகுதியும் உண்டு: ஐம்பது வயதில் அவர்களுக்கு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, வயசால் இழந்த அந்தத் திறன் பெருமளவு திரும்பி வந்தது.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். அந்த எண் எந்த மருத்துவமனையிலிருந்தும் வரவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருஷம், 1965-இல், யமாசா என்ற ஜப்பான் கம்பெனி காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்க ஆரம்பித்தது. அதற்கு வைத்த பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். வாயில் நன்றாக நுழைகிற எண், ஒட்டிக்கொண்டது. நடப்பது கெடுதல் என்று சொல்லவில்லை, ஆனால் 6,200-இல் நின்றுவிட்டதற்காக ராத்திரி பத்து மணிக்கு ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் இடையே ஃபோனைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருக்கும் என் மச்சானைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான வேகத்தில் இயக்கம், கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. மிதமான வேகம் என்பதற்கு மீட்டரெல்லாம் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான். தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றினால் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர், எனக்குப் பதினைந்து நிமிஷம். இரண்டு சுற்று, ஐந்து நாள், கணக்கு முடிந்தது. (சுற்றி முடித்ததும் பருத்திப்பால் குடிப்பது கணக்கில் சேராது என்று என் மனைவி சொல்கிறாள். சேரும் என்பது என் கட்சி.)

ஆபீஸில் நாள் பூரா உட்கார்ந்துதான் வேலை. காலையில் அரை மணி நேரம் நடந்து என்ன ஆகிவிடப் போகிறது?

ஆகும், ஆனால் மீதி நேரத்தையும் கொஞ்சம் கலைத்துவிட வேண்டும். இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த கதை லண்டன் பஸ். ஜெரி மாரிஸ் என்கிற மருத்துவர் அங்கே மாடி பஸ்களில் வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே கம்பெனி, கிட்டத்தட்ட ஒரே மாதிரி குடும்பச் சூழல். ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார். கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நம் டவுன் பஸ் கண்டக்டர் சாயங்காலக் கூட்டத்தில் முன் படியிலிருந்து பின் படி வரை நீந்திப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது.

உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். அதே மாரிஸ் பிறகு யூனிஃபார்ம் தைத்த அளவுகளைத் தோண்டிப் பார்த்தபோது, வேலைக்குச் சேரும்போதே டிரைவர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்தது தெரியவந்தது. அதாவது எல்லாப் பெருமையும் மாடிப்படிக்கே போகாது. ஆனாலும் அதற்கப்புறம் எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலைகளில் பார்த்தும் நகர்கிறவர்கள் பக்கம்தான் தராசு சாய்ந்திருக்கிறது.

ஆபீஸில் நான் செய்வது ரொம்பச் சாதாரணம். தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைப்பதில்லை, டம்ளர்தான், காலியானால் எழுந்து போக வேண்டும். ஃபோன் வந்தால் எழுந்து நின்று பேசுவேன். மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிஷம் தெருவில் ஒரு நடை, சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். மார்ச் மாசக் கடைசியில் இது எதுவும் நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு வேலையே நாள் முழுக்க செய்கிறேனே, அது போதாதா?

இதை அதிகம் கேட்பது பெண்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. கையால் துணி துவைத்து, தண்ணீர் தூக்கி, மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினால் அது உழைப்புதான், யாரும் வந்து தனியாக 'எக்சர்சைஸ்' செய்யச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் வந்தபிறகு மிச்சமிருக்கிற வேலையில் பெரும்பகுதி நின்றுகொண்டு செய்வது. நின்றால் கால் வலிக்கும், ஆனால் மூச்சு வாங்காது. களைப்பு வேறு, பயிற்சி வேறு. 2022 நிலவரப்படி இந்தியாவில் ஆண்களில் 42 சதவீதம் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை, பெண்களில் அது 57 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனக் கணக்கு.

இதில் சோம்பலைக் குறை சொல்வது அபத்தம். காலை ஆறு மணிக்கு நான் தெப்பக்குளத்தில் கை வீசி நடக்கிற நேரத்தில் வீட்டில் குழந்தைக்கு டிபன் கட்டியது யார்? கால் சரியானபிறகு இதை என் மனைவி இதே வார்த்தைகளில் கேட்டாள். இப்போது வாரத்தில் இரண்டு நாள் அவள் நடக்கப் போகிறாள், இட்லி ஊற்றுவது நான். சட்னி பற்றிப் புகார் இருக்கிறது. வீட்டில் ஒருத்திக்கு நடக்க மோட்டிவேஷன் இல்லை என்று சொல்கிறவர்கள் முதலில் அவளுக்கு அரை மணி நேரம் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

ஜிம்மில் வருஷச் சந்தா கட்டினேன், இருபது நாள் போனேன்.

எல்லோரும்தான். அடுத்த தடவை மாசச் சந்தா கட்டுங்கள்.

அம்மாவுக்கு எழுபதுக்கு மேல், முழங்கால் வலி. இனிமேல் என்ன செய்ய முடியும்?

என் அம்மாவுக்கு 74. "கட்டை விழப்போற வயசுல கசரத்தா?" என்பதுதான் அவளுடைய முதல் பதில். அவளை அசைத்தது நான் இல்லை, தெருவில் ஒரு பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்ததுதான். அதற்கப்புறம் கேட்டுக்கொண்டாள்.

எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டு, அவர் சரி என்றபிறகு ஆரம்பித்தோம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். முதல் வாரம் மூன்று தடவைக்கே தொடை நடுங்கியது. இப்போது சீரியல் விளம்பர இடைவேளையில் பத்து செய்கிறாள், எண்ணுவது என் மகள், அவள் எட்டுக்கு அப்புறம் வேண்டுமென்றே பத்துக்கு வராமல் இழுப்பாள். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு கால் மாற்றி ஒரு காலில் நிற்பது. வயசானவர்களுக்கு நடையைவிட இந்தக் கால் வலுவும் நிலைதடுமாறாத பழக்கமும் முக்கியம் என்பேன். அறுபத்தைந்துக்கு மேல் வாரத்தில் மூன்று நாளாவது இப்படிச் சமநிலைப் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையிலேயே இருக்கிறது.

வயசாகிவிட்டது என்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஆட்கள் இருந்தார்கள். கோயம்புத்தூர் நானம்மாள் தொண்ணூறு தாண்டியும் யோகா சொல்லிக்கொடுத்தவர், 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயது தாண்டியும் தன் வயலில் இறங்கியவர், 2021-இல் பத்மஸ்ரீ. ஆனால் இவர்களை அம்மாவிடம் உதாரணம் காட்டிவிடாதீர்கள். நான் காட்டினேன். "அவங்களுக்கு வயல் இருந்துச்சு, எனக்கு எங்க இருக்கு?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

மாற்றுத்திறனாளி வீரர்களின் வீடியோவைப் பார்த்தால் ஊக்கம் வரும் என்கிறார்களே?

வருவது தப்பில்லை, எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம். இதைப் பார்த்து "கால் இப்படி இருந்தும் அவன் தாண்டுகிறான், உனக்கென்ன கேடு" என்று பிள்ளையைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் தாண்டியது நம் வீட்டுப் பையனை வெட்கப்பட வைப்பதற்கா? இரண்டு காலும் நன்றாக இருக்கிற நம்மில் எத்தனை பேர் 1.89 தாண்டுவோம்? அது பல வருஷப் பயிற்சி பெற்ற ஒரு விளையாட்டு வீரரின் உயரம், அப்படியே பாருங்கள்.

வாக்கரோடு இருந்த நாட்களில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது முன்பின் தெரியாதவர்கள் "உச்" கொட்டுவார்கள். எனக்குக் கொட்டியது மூன்றே மாசம். வருஷக்கணக்கில் கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். மற்றவருடைய உடம்பைப் பார்த்து நம் உடம்புக்கு நன்றி சொல்வது எனக்கு அதற்கப்புறம் பிடிக்காமல் போய்விட்டது. எனக்கு என் டம்ளர் போதும்.

தனியாக நடப்பதா, கூட்டத்தோடு நடப்பதா?

ஆள் இருந்தால் ஓடிவிட முடியாது, அதனால் கூட்டுக்குத்தான் என் ஓட்டு. அரசே 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துத் தொடங்கியது, யாரும் போகலாம். ஆனால் வாட்ஸ்அப் குரூப் வேண்டாம். எங்கள் தெருவில் ஆரம்பித்த நடைப்பயிற்சி குரூப்பில் இப்போது காலை வணக்கப் படங்கள் மட்டும்தான் நடமாடுகின்றன.

ஒரு வாரம் விட்டுப்போச்சு. மறுபடி ஆரம்பிக்கக் கூச்சமாக இருக்கிறது.

தீபாவளி, காய்ச்சல், கல்யாணம், மழை, கணக்கு முடிக்கிற மாசம் என்று எல்லோருக்கும் விட்டுப்போகும். விட்டதைச் சேர்த்து ஈடுகட்டுகிறேன் என்று ஒரே நாளில் நாலு சுற்று போவதுதான் தப்பு, மறுநாள் முழங்கால் வீங்கி இன்னும் ஒரு வாரம் போகும். அதே பத்து நிமிஷத்திலிருந்து ஆரம்பியுங்கள். நீங்கள் வராத ஒரு வாரத்தை தெப்பக்குளத்தில் யாரும் குறித்துவைக்கவில்லை, அருகம்புல் ஜூஸ்காரரைத் தவிர.

எதைச் செய்தும் எழுந்திருக்கவே முடியவில்லை என்றால்?

அப்போது அது சோம்பல் இல்லாமல் இருக்கலாம். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு எல்லாமே ஆளைக் கட்டிலோடு கட்டிப்போடும். வாரக்கணக்கில் இப்படி இருந்தால் தன்னைத் திட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி இறங்கினாலோ, கண் இருட்டினாலோ அந்த இடத்திலேயே நின்று உதவி கேளுங்கள், சுற்றை முடிக்க வேண்டாம்.

உனக்கு இன்னும் வலிக்கிறதா?

மார்கழியில் வலிக்கும், தகடு இருக்கிற இடம் மட்டும் தனியாகக் குளிர்கிற மாதிரி இருக்கும். சம்மணம் போட வருகிறது. குந்தி உட்கார்ந்தால் வலது குதிகால் தரையில் படாது, ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டே நிற்கும். தொடை வித்தியாசம் நாலு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றுக்கு வந்திருக்கிறது. தகட்டை எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டார், மறுபடி கொஞ்ச நாள் வாக்கரா என்று நினைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

காலையில் நடந்துவிட்டு வந்ததும் காபி போடுவது இப்போது நான்தான். சமையலறையிலிருந்து ஹாலுக்கு இரண்டு கையிலும் இரண்டு டம்ளர். வழியில் கொஞ்சம் சிந்தும், அதைத் துடைப்பதும் நான்தான்.